தப்பாகப் போட்ட கணக்குகள்

டெக்சஸ் மாநிலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்க ஒரு மின்னஞ்சல் போதும். இன்ன தேதியிலிருந்து இவளுக்கு வீட்டில்தான் படிப்பு என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் முடிந்தது. அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டாம், ஆண்டுத் தேர்வு கிடையாது, சோதனை போட அதிகாரியும் வரமாட்டார். 1994-ல் மாநில உச்ச நீதிமன்றம் லீப்பர் வழக்கில் சொன்ன தீர்ப்பின்படி இங்கே வீட்டுப் பள்ளியும் ஒரு தனியார் பள்ளிதான். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனுக்குரிய பண்பு ஆகிய ஐந்தையும் ஒப்புக்குச் செய்யாமல் உண்மையாக நடத்த வேண்டும். எந்தப் புத்தகம், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அம்மா அப்பா பாடு.

இதைக் கோபிச்செட்டிப்பாளையத்தில் இருக்கும் என் அப்பாவிடம் வீடியோவில் சொன்னேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முதலில் கேட்டது, "டி.சி. வாங்கிப்போட்டயா கண்ணு?" என்றுதான்.

"டி.சி. எல்லாம் இல்லீங்கப்பா. மெயில் போட்டாச்சு."

"அப்ப பள்ளிக்கூடத்துக்கு எச்.எம். யாரு?"

"நான்தானுங்க."

"ரிட்டயர் ஆகுற வரைக்கும் எனக்கு எச்.எம். போஸ்ட் வரல. நீ ஒரே மெயில்ல ஆயிட்ட" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும், "சரி, கணக்குக்கு என்ன புத்தகம்?" என்று கேட்டார். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

அது 2020 கோடை, கொரோனா காலம். அந்த முடிவை எடுத்தது நாங்கள் மட்டுமில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கணக்குப்படி, பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அந்த வசந்தத்தில் 5.4 சதவீதம் பேர் வீட்டுக் கல்வியில் இருந்தார்கள். இலையுதிர் காலத்தில் அது 11.1 சதவீதம் ஆனது. டெக்சஸில் 4.5-லிருந்து 12.3-க்குப் போனது. பள்ளிக்கூட வகுப்பையே கம்ப்யூட்டரில் கேட்ட பிள்ளைகளைக் கழித்துவிட்டு எடுத்த கணக்கு இது. நோய் தணிந்ததும் பலர் பள்ளிக்குத் திரும்பினார்கள். நாங்கள் திரும்பவில்லை. மகள் அப்போது ஏழாவது போக வேண்டியவள், மகன் நாலாவது. நான் கோயம்புத்தூரில் பி.இ. முடித்துவிட்டு, எச்-4 விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தவள். பகல் முழுக்க என் கையில் இருந்தது.

ஐந்து பாடங்களில் நாலுக்கு நூலகமே போதுமானதாக இருந்தது. நினைத்த புத்தகத்தைப் படிக்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம், மூன்று மாதம் தள்ளிப்போனாலும் குடி முழுகிவிடாது. கணக்கு அப்படியில்லை. அதில் நேற்று படித்தது இல்லாமல் இன்றைக்கானது நிற்காது. அமெரிக்கக் கணக்கின் அமைப்பு அந்தப் பயத்தை இன்னும் கூட்டியது. நம் ஊரில் எட்டாவது கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல் எல்லாம் ஒரே அட்டைக்குள் இருக்கும். ஒன்பதாவதில் அதே எல்லாம் இன்னும் கொஞ்சம் ஆழமாக வரும். இங்கே ஒரு வருஷம் முழுக்க அல்ஜீப்ரா 1, அடுத்த வருஷம் முழுக்க ஜியாமெட்ரி, பிறகு அல்ஜீப்ரா 2, பிறகு ப்ரீகால்குலஸ், கடைசியில் கால்குலஸ். ஜியாமெட்ரி வருஷத்தில் அல்ஜீப்ரா மறந்துபோகிறது என்று, சிலர் இரண்டு அல்ஜீப்ராவையும் அடுத்தடுத்து முடித்துவிட்டு ஜியாமெட்ரிக்கு வருகிறார்கள்.

பொறியியல் பக்கம் போக நினைக்கும் பிள்ளை பன்னிரண்டாவதுக்குள் கால்குலஸைத் தொட்டிருக்க வேண்டும் என்பது டாலஸ் பக்கத்தில் எங்கள் தெரு இந்தியக் குடும்பங்களில் எழுதாத சட்டம். பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டில் கால்குலஸ் என்றால் பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பத்தில் அல்ஜீப்ரா 2, ஒன்பதில் ஜியாமெட்ரி, எட்டில் அல்ஜீப்ரா 1, ஏழில் ப்ரீஅல்ஜீப்ரா. மகள் ஏழாவதில்தான் இருந்தாள். தள்ளிப்போட இடமே இல்லை.

புத்தகச் சந்தையைப் பார்த்தால் தலை சுற்றியது. வீட்டுக் கல்விக்கென்று வந்த பாடத்திட்டங்களை விமர்சித்து எழுதுவதையே கேத்தி டஃபி என்ற பெண்மணி வாழ்நாள் வேலையாக வைத்திருக்கிறார். அவ்வளவு சரக்கு இருக்கிறது. வண்ணக் கட்டைகளையும் வீடியோவையும் வைத்துக் கற்பிக்கும் மேத்-யூ-சீ ஒரு பக்கம். கான்சாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஐந்து வயதுப் பையன் கணக்குப் பேராசிரியராக இருக்கும் கதையில் அல்ஜீப்ராவை நுழைத்துச் சொல்லும் 'லைஃப் ஆஃப் ஃப்ரெட்' இன்னொரு பக்கம். சான் ஆன்டோனியோவில் நெடுங்காலம் பள்ளி ஆசிரியராக இருந்த பால் ஃபோர்ஸ்டர் எழுதிய அல்ஜீப்ராவில் வார்த்தைக் கணக்குகள் பிரமாதம் என்று ஒருத்தி சொன்னாள். ஹாஃப் பிரைஸ் புக்ஸ் கடையில் வீட்டுக் கல்வி அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் புரட்டியிருக்கிறேன். எல்லாப் பின்னட்டைகளும் ஒரே மாதிரிதான் பேசின: பிள்ளைக்குக் கணக்கு பிடித்துவிடும், அடித்தளம் உறுதியாகும், பெற்றோருக்குச் சுமை இருக்காது.

சுமை இருக்காது என்பதை நம்பித்தான் ஒரு கம்ப்யூட்டர் நிரலில் தொடங்கினோம். அந்த நிரல் பாடத்தைத் தானே நடத்தும், கணக்கைத் தானே திருத்தும், மார்க்கையும் தானே போடும். மகளுக்குப் பிடித்திருந்தது. மார்க் எப்போதும் தொண்ணூறுக்கு மேல். ஒருநாள் அவளைப் பென்சிலும் தாளுமாக உட்காரவைத்து, 5 − 2(x − 3) = 1 என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வரியில் 5 − 2x − 6 = 1 என்று எழுதினாள். விடை −1 என்று முடித்தாள். அடைப்புக்குறிக்குள் இருந்த மைனஸ் மூன்றை வெளியில் இருந்த மைனஸ் இரண்டு பெருக்கும்போது பிளஸ் ஆறு வர வேண்டும். சரியான விடை 5.

"இந்த மாதிரி கணக்கு அதில வரலையா?"

"வந்துச்சு. தப்புன்னு சொல்லும். அப்புறம் எப்படிப் போடணும்னு காட்டும். நெக்ஸ்ட் அமுக்கினா அடுத்தது வந்துரும்."

அன்றைக்கு இரவு அப்பாவிடம் மறுபடியும் புத்தகப் பேச்சு எடுத்தேன். இதில் எத்தனை அத்தியாயம், அதில் எத்தனை வீடியோ என்று பட்டியல் வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதையெல்லாம் உடு. புள்ள தப்பு பண்ணுனா அந்தப் பொஸ்தகம் என்ன பண்ணுது? அதப் பாத்தயா?" என்றார்.

அப்பாவுக்கு அது தொழில். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போய்விட்டு வந்தால் யார் நூற்றுக்கு நூறு என்று அவர் பேச மாட்டார். விடை தப்பாகி ஐந்தில் நாலு மார்க் வாங்கிய தாள்களைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு. சூத்திரம் சரி, பிரதியிட்டது சரி, கூட்டலில் கோட்டைவிட்டிருக்கிறான் என்பார். ஸ்டெப் மார்க் என்பது பிள்ளைக்குக் காட்டும் இரக்கம் இல்லை, அவன் எந்த வரி வரைக்கும் யோசித்திருக்கிறான் என்பதற்கு ஆசிரியர் தரும் அத்தாட்சி என்பது அவருடைய கட்சி. தப்பு எந்த வரியில் விழுந்தது என்று தெரியாமல் திருத்துவது திருத்தமே ஆகாது என்பார்.

அதற்குப்பிறகு எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் அப்பாவின் கேள்வியை அதனிடம் கேட்டேன். தப்பு வந்தால் இது என்ன செய்யும்? பின்னட்டைகள் எல்லாம் ஒன்றுபோலப் பேசிய இடத்தில், இந்தக் கேள்விக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு பதில் சொன்னது.

மகளுக்கு சாக்ஸன் வந்து சேர்ந்தது அப்படித்தான். ஜான் சாக்ஸன் அமெரிக்க விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று, ஓக்லஹோமாவில் ஒரு ஜூனியர் கல்லூரியில் அல்ஜீப்ரா நடத்தப் போனவர். மாணவர்கள் ஒவ்வொரு அத்தியாயத்தையும் நன்றாகப் போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்தில் முந்தினதை மறப்பதைப் பார்த்து, தானே புத்தகம் எழுதி, 1981-ல் தானே பதிப்பகமும் தொடங்கினார். அவருடைய முறை சுலபம்: ஒரு பாடத்தில் புதிதாக ஒரு சின்ன விஷயம்தான் இருக்கும். பாடத்தின் முடிவில் முப்பது கணக்கு. அதில் இன்றைய விஷயம் சில கணக்குகளில்தான் வரும். மீதியெல்லாம் போன வாரம், போன மாதம், அதற்கும் முன்னால் படித்தவை, கலந்து கட்டி வரும். நாலைந்து பாடத்துக்கு ஒரு தேர்வு.

படம் கிடையாது, வண்ணம் கிடையாது. முதல் பார்வையில் அரசாங்க அச்சகத்தில் அடித்த மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு கணக்கின் எண்ணுக்குக் கீழேயும் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். அந்தக் கணக்கு எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்று சொல்லும் எண் அது. அப்பாவின் கேள்விக்கு அந்தப் புத்தகம் தந்த பதில் அந்தப் பொடி எழுத்துதான்.

நான் ஒரு தனி நோட்டுப் போட்டேன். அவள் தப்பாகப் போட்ட கணக்குகளின் பாட எண்ணை மட்டும் அதில் தேதிவாரியாகக் குறித்துவைத்தேன். சில வாரத்தில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது: அடைப்புக்குறியை நீக்கும் பாடம். பாடம் பழையதுதான், ஆனால் அந்தத் தப்பு புதிய பாடங்களிலும் மாறுவேஷத்தில் வந்தது. நேர்கோட்டின் சமன்பாட்டில் சாய்வு மைனஸாக இருந்தபோது வந்தது. ஒரு பல்லுறுப்புக் கோவையை இன்னொன்றிலிருந்து கழிக்கச் சொன்னபோது முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே எழுதியதில் வந்தது. சென்னிமலைத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் துணி நெடுகக் கோடு விழுமே, அந்த மாதிரி. அத்தியாயம் அத்தியாயமாகப் படித்திருந்தால் அது நாலு தனித்தனித் தப்பாகத் தெரிந்திருக்கும். கலந்து போட்டதால் ஒரே தப்பு என்று தெரிந்தது. பழைய பாடத்துக்குப் போய் இரண்டு நாள் அதையே போட்டோம். நோட்டில் அந்த எண் வருவது குறைந்து, பிறகு நின்றது.

மகளுக்கும் குறை இருந்தது. முப்பது கணக்குப் போட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "ஒத்தைப்படை எண்ணு மட்டும் போடட்டுமா?" என்று தினமும் பேரம் பேசுவாள். மற்றப் புத்தகங்களில் அது நடக்கும், ஏனென்றால் அடுத்தடுத்த இரண்டு கணக்கு ஒரே வகையாக இருக்கும். இதில் ஒவ்வொன்றும் ஒரு வகை. பாதியை விட்டால் பாதி விஷயமே விட்டுப்போகும். அந்தப் பேரத்தில் நான் இறங்கிவரவில்லை. தேர்வு நாளில் மட்டும் பாடம் கிடையாது என்று உடன்படிக்கை ஆயிற்று.

சாக்ஸன் வாங்குகிறவர்கள் பதிப்பைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மூன்றாம் பதிப்பில் ஜியாமெட்ரிக்குத் தனிப் புத்தகம் கிடையாது. அல்ஜீப்ராப் புத்தகங்களுக்குள்ளேயும் அதற்கடுத்த அட்வான்ஸ்ட் மேத்தமேட்டிக்ஸிலுமாகப் பிரித்துக் கலந்திருக்கும். நான்காம் பதிப்பில் அதைத் தனியே எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் ஒரு பதிப்பு, அடுத்த வருஷம் இன்னொன்று என்று மாற்றினால் நடுவில் ஜியாமெட்ரி காணாமல் போய்விடும். பாடப் புத்தகத்தோடு முழுத் தீர்வுகள் உள்ள புத்தகமும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விடை மட்டும் உள்ள சாவி பெற்றோருக்குப் பாதி உதவிதான். −1 தப்பு, 5 சரி என்று அது சொல்லும். எந்த வரியில் தப்பு என்று அதற்குத் தெரியாது.

ஜியாமெட்ரிக்கு நான் வேண்டுமென்றே வேறு புத்தகம் எடுத்தேன். லாஸ் ஏஞ்சல்ஸில் கிரான்ட் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஹெரால்ட் ஜேக்கப்ஸ் எழுதி 1974-ல் வந்த புத்தகம். செய்தித்தாளில் வரும் கார்ட்டூன்களையெல்லாம் நடுநடுவே போட்டுத் தேற்றத்துக்கு இழுத்துவருவார். சாக்ஸனின் கறுப்புவெள்ளையிலிருந்து வந்த மகளுக்கு அது விருந்து. ஆனால் நிரூபணம் என்ற சங்கதியில் தடுமாறினாள். அங்கேதான் அவளுடைய அப்பிச்சி, அதாவது என் அப்பா, களத்தில் இறங்கினார்.

இங்கே இரவு எட்டு மணி, கோபியில் காலை ஆறரை. காப்பி டம்ளரோடு உட்காருவார். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் கரும்பலகை. ஒருநாள் அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதை நிரூபிக்க வேண்டும். அமெரிக்கப் புத்தகங்களில் நிரூபணத்தை இரண்டு பத்தியாக எழுதுவார்கள். இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் காரணம். இவள் எழுதியதைக் காமிராவில் காட்டினாள்.

"மூணாவது வரி காரணத்தைப் படி அம்மிணி."

"கோணம் C தொண்ணூறு டிகிரி."

"அது எப்படித் தெரியும்?"

"பாத்தாலே தெரியுதே அப்பிச்சி."

"பாத்தா தெரியுதுன்னா அப்புறம் என்னத்துக்கு நிரூபிக்கோணும்? எதை நிரூபிக்கோணுமோ அதையே காரணமா எழுதிப்போட்டயே."

பிறகு அவர் வழக்கப்படி நாலு தலைப்பு எழுதவைத்தார்: கொடுக்கப்பட்டவை, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம். மகள் அமைப்பு என்ற தலைப்பில் மாட்டிக்கொண்டாள். அவளுடைய புத்தகத்தில் அதற்கென்று தனி இடம் இல்லை. அப்பா விடவில்லை. "படத்துல இல்லாத ஒரு கோட்டை நீதான் போடோணும். எங்க போடுவ?" என்று கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்தார். அவள் அங்கே இங்கே போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் மையத்திலிருந்து C-க்கு ஒரு ஆரம் வரைந்தாள். முக்கோணம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் இரண்டு பக்கம் ஆரம், ஆகவே இரண்டும் இருசமபக்க முக்கோணம். ஒன்றில் கோணங்கள் a, a; மற்றதில் b, b. பெரிய முக்கோணத்தின் மொத்தம் 2a + 2b, அது 180. ஆக a + b = 90. அதுதான் C.

வடிவியல் நிரூபணத்தில் விடை தப்பாவதே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். தப்பு விழக்கூடிய இடம் வலப்பக்கத்துக் காரணப் பத்தி ஒன்றுதான். அதைத் திருத்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எங்களுக்குக் கோபியில் கிடைத்தார். ஆள் கிடைக்காத வீடுகளில் நிரூபணம் குறைவாக உள்ள ஜியாமெட்ரியை எடுக்கிறார்கள். அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். யார் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள் என்பதும் பாடத்திட்டத்தில் சேர்ந்ததுதான்.

மகன் கதை வேறு. அவன் சின்ன வகுப்பில் சிங்கப்பூர் புத்தகங்களில் படித்தான். சிங்கப்பூர் அரசு 1980-களில் தன் பள்ளிகளுக்காகத் தயாரித்த 'பிரைமரி மேத்தமேட்டிக்ஸ்' வரிசை அது. 1995-ல் நடந்த உலக ஒப்பீட்டுத் தேர்வில் சிங்கப்பூர் முதலிடத்துக்கு வந்தபிறகு அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. அதன் பெரிய ஆயுதம் பெட்டிப் படம். ஒருத்தி தன்னிடம் இருந்த பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கைச் செலவழித்தாள், மீதியில் மூன்றில் ஒரு பங்கைத் தம்பிக்குக் கொடுத்தாள், 24 டாலர் மிச்சம், முதலில் எவ்வளவு என்று கேட்டால் நான் உடனே x போடுவேன். அவன் நீளமாக ஒரு பெட்டி வரைந்து ஐந்தாகப் பிரிப்பான். இரண்டு கட்டம் செலவு. மீதி மூன்றில் ஒன்று தம்பிக்கு. மிச்சம் இரண்டு கட்டம் 24, ஒரு கட்டம் 12, ஐந்து கட்டம் 60. நான் பின்னங்களை ஒழுங்குபடுத்தும் முன்னால் அவன் எழுந்து போய்விடுவான்.

அவன் ஏழாவது வந்ததும் அக்காள் படித்த சாக்ஸனையே கொடுத்தேன். காசும் மிச்சம், தீர்வுப் புத்தகமும் கையில். போட்டான். தப்பும் அதிகம் இல்லை. ஆனால் முப்பதையும் முடித்துவிட்டு, எழுதப் பழகும் பிள்ளை கையெழுத்து நோட்டை மூடுவதுபோல் மூடிவிடுவான். ஒரு கேள்வி கேட்க மாட்டான். அவனுக்குத் தப்பு வரவைக்கும் புத்தகம் தேவைப்பட்டது.

'ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங்' அந்த வகை. கணித ஒலிம்பியாட் போட்டிகளில் பழகிய ரிச்சர்ட் ருசிக் தொடங்கிய நிறுவனம். இதில் பாடம் தொடங்குவதே தெரியாத கணக்கில்தான். முதலில் சில கேள்விகள். போட்டுப் பார், முடிந்தவரை முட்டிப் பார் என்று விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அதே கேள்விகளுக்குத் தீர்வும், அதன் வழியாகப் பாடமும் வரும். மகளிடம் ஒரு அத்தியாயத்தைக் காட்டினேன். "சொல்லிக்கொடுக்காததை ஏன் முதல்லயே கேக்குது?" என்று முகம் சுளித்து அப்பால் தள்ளினாள். மகன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தான்.

அந்தப் பாணியில் நானே அவனுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். x + y = 7, xy = 11. x² + y² எவ்வளவு? உடனே 49 என்றான். ஏழின் வர்க்கம்தானே. சரியா என்று நீயே பார் என்று விட்டேன். x, y என்னவென்று கண்டுபிடிக்க முயன்றான்; 1, 11 தவிர முழு எண் ஜோடி எதுவும் சிக்கவில்லை, அதன் கூடுதலும் 12 ஆகிவிட்டது. கேள்வியே தப்பு என்றான். கொஞ்ச நேரம் கழித்து, பதினொன்றுக்குப் பதிலாகப் பத்து போட்டுக்கொண்டால் 5, 2 வரும் என்று தானே ஒரு சுலபமான கணக்கைச் செய்துகொண்டான். 25-ம் 4-ம் 29. 49 வரவில்லை. இருபது குறைகிறது. இருபது எங்கிருந்து வந்தது? பத்து மாதிரி இரண்டு. ஓடிவந்து, "அம்மா, பெருக்கலை ரெண்டு தடவை கழிக்கணும்!" என்றான். 49 − 22 = 27. (x + y)² என்பதை நான் விரித்துக் காட்டவே இல்லை. x, y என்னவென்று தெரியாமலே விடை வந்தது அவனுக்குப் பெரிய ஆச்சரியம். அன்று அவன் போட்டது ஒரே கணக்கு. சாக்ஸன் அளவுகோலில் அது இருபத்தொன்பது கணக்குக் குறைவு.

ஒரே வீட்டில், ஒரே அம்மாவிடம், இரண்டு புத்தகம் ஓடியது இப்படித்தான். மகளுக்குத் தப்பு தானாகவே வந்தது. அது வரும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. மகனுக்குத் தப்புக்கே வழியில்லாமல் இருந்தது. அதை உண்டாக்கிக் கொடுக்க ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. எந்தப் புத்தகம் உசத்தி என்ற வாதம் இந்த ஊர் அம்மாக்கள் கூடும் பூங்காவில் ஓயாமல் நடக்கும். அந்த வாதத்தில் நான் வாயைத் திறப்பதில்லை.

உயர்நிலை வகுப்பு வந்தபோது காகித வேலை சேர்ந்துகொண்டது. கல்லூரிக்கு அனுப்பும் மதிப்பெண் பட்டியலை வீட்டுப் பள்ளியில் பெற்றோரே தயாரிக்கிறார்கள். ஒரு வருஷப் பாடத்துக்கு ஒரு கிரெடிட். பாட விவரத்தில் எந்தப் புத்தகம், எத்தனை அத்தியாயம் என்று எழுத வேண்டும். அம்மா போட்ட மார்க்கைக் கல்லூரி எவ்வளவு நம்பும் என்ற கேள்வி இருப்பதால் வெளித் தேர்வுகள் முக்கியமாகின்றன. எஸ்.ஏ.டி. 2024-லிருந்து அமெரிக்காவில் கம்ப்யூட்டரில்தான். கணக்குப் பகுதி 70 நிமிடம், 44 கேள்வி; டெஸ்மாஸ் என்ற வரைபடக் கால்குலேட்டர் திரையிலேயே முழு நேரமும் இருக்கும். லாகரிதம் அட்டவணையைப் புரட்டிப் பரீட்சை எழுதவைத்த அப்பாவுக்கு இது தாங்கவில்லை. "கால்குலேட்டரையும் குடுத்துட்டுக் கணக்குப் பரீட்சைன்னு பேரா?" என்றார். அவர் குறை அதோடு நிற்கவில்லை. அதில் விடையை மட்டும்தான் பார்க்கிறார்கள், வழியைப் பார்ப்பதில்லை.

அவரைச் சமாதானப்படுத்தியது, பள்ளிப் பிள்ளைகள் கல்லூரித் தரத்தில் எழுதும் ஏ.பி. கால்குலஸ் தேர்வு. அதில் ஆறு கேள்விகளுக்கு விடையைக் கையால் விரித்து எழுத வேண்டும். நாலுக்குக் கால்குலேட்டர் கூடாது. ஒவ்வொன்றுக்கும் 9 புள்ளி, வரி வரியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் ஜூன் மாதம் உட்கார்ந்து திருத்துகிறார்கள் என்று சொன்னதும், "அப்ப அங்கயும் ஸ்டெப் மார்க் இருக்குதுன்னு சொல்லு" என்று முகம் மலர்ந்தார். வீட்டுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்தத் தேர்வில் ஒரே சிக்கல், உட்கார்ந்து எழுத ஒரு பள்ளி இடம் தர வேண்டும். தேர்வு மே மாதம்தான் என்றாலும் நவம்பருக்குள் பதிவு செய்தாக வேண்டும். ஒரு பள்ளி வெளிப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்றது; இன்னொரு பள்ளி ஒரு மெயிலில் ஒத்துக்கொண்டது. செப்டம்பரிலேயே கேட்கத் தொடங்கியதால் தப்பித்தோம்.

இப்போது என்னிடம் போனில் யோசனை கேட்கும் அம்மாக்கள் உண்டு. பெரும்பாலும் நம் ஊர்ப் பெண்கள். "பையன் ஆறாவது முடிக்கிறான் அக்கா, எந்த கரிக்குலம் வாங்கட்டும்?" என்பார்கள். பதிப்பகங்கள் இலவசமாகத் தரும் நிலையறியும் தேர்வை முதலில் எழுதவைக்கச் சொல்கிறேன்; வயதை வைத்து வாங்கினால் பாதிப் பேருக்கு ஒரு புத்தகம் முன்னே பின்னே ஆகிவிடும். அதன்பிறகு பிள்ளையின் கணக்கு நோட்டில் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அனுப்புகிறவர்கள் எப்போதும் சரிக்குறி நிறைந்த பக்கத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அது வேண்டாம், தப்பாகப் போட்ட பக்கம் வேண்டும் என்று மறுபடியும் கேட்டு வாங்குகிறேன். அடித்தது, திருத்தியது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அதைப் பார்த்தபிறகு புத்தகத்தின் பெயரைச் சொல்வது பெரிய வேலையில்லை. ரப்பரால் அழித்துச் சுத்தமாக்கிய பக்கத்தை அனுப்புகிறவர்களுக்கு மட்டும் என்னால் எந்தப் பெயரும் சொல்ல முடிவதில்லை.